கிளெப்சியெல்லாவில் எம்-சிம் வளையம் 17 மி.மீ.: கார்பபெனமேஸ் உண்டு என்பதா, இல்லை என்பதா?

டெல்டா_ஆய்வகம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். டெல்டாப் பகுதியில் நூற்றுச்சொச்சம் படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் கல்ச்சர் வேலை முழுவதையும் நானும் இன்னொரு நுட்புநரும் பார்த்துக்கொள்கிறோம். எங்கள் நுண்ணுயிரியல் மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். இந்த வாரம் அவர் ஊரில் இல்லாததால், அறிக்கையில் கையெழுத்திடும் முன் அவரிடம் என்ன சொல்வது என்று தெளிவு பெறுவதற்காக இங்கே எழுதுகிறேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து நாளாக இருக்கும் ஒரு முதியவரின் இரத்தக் கல்ச்சரில் கிளெப்சியெல்லா நிமோனியே வளர்ந்துள்ளது. முல்லர்-ஹின்டன் ஊடகத் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, மருந்தூட்டிய டிஸ்க் வைத்துப் பார்த்ததில் செஃபோடாக்ஸிம், செஃப்டாஸிடிம் இரண்டுக்கும் வளையமே (டிஸ்க்கைச் சுற்றி பாக்டீரியா வளராத பகுதி) விழவில்லை. கார்பபெனம் வகை மருந்துகளில் எர்டாபெனத்துக்கு 17 மி.மீ.; அது ரெசிஸ்டன்ட், அதாவது பாக்டீரியா மருந்தைத் தாங்குகிறது. மெரோபெனத்துக்கு 21 மி.மீ.; இந்த அளவு எல்லைகளை வகுக்கும் அமெரிக்க அமைப்பான சி.எல்.எஸ்.ஐ.யின் அட்டவணைப்படி 23-உம் அதற்கு மேலும் சென்சிட்டிவ், 19-உம் அதற்குக் கீழும் ரெசிஸ்டன்ட் என்பதால் இது இடைநிலையில் விழுகிறது. அதே கல்ச்சரைத் தானியங்கிக் கருவி உள்ள வெளி ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினோம்; அங்கே மெரோபெனத்தின் எம்.ஐ.சி. (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக்குறைந்த மருந்தளவு) மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம், சென்சிட்டிவ் என்று வந்தது.

சந்தேகம் தீராமல், கார்பபெனங்களை உடைக்கும் கார்பபெனமேஸ் நொதி உண்டா என்று பார்க்கும் எம்-சிம் பரிசோதனையும் செய்தேன். வளையம் 17 மி.மீ. விழுந்தது, உள்ளே சிறு காலனிகள் எவையும் இல்லை. 15 வரை இருந்தால் பாசிட்டிவ், 19-உம் அதற்கு மேலும் நெகட்டிவ் என்பதால் இது இரண்டிலும் சேரவில்லை. கூடவே இ.டி.டி.ஏ. சேர்த்து வைத்த இ-சிம் குழாயின் டிஸ்க்கும் 17 மி.மீ. காட்டியது. பாசிட்டிவ் கன்ட்ரோலான, கே.பி.சி. என்ற கார்பபெனமேஸ் உள்ள கிளெப்சியெல்லா, ஏ.டி.சி.சி. பி.ஏ.ஏ.-1705, சரியாக 6 மி.மீ. கொடுத்தது. நெகட்டிவ் கன்ட்ரோல் எங்களிடம் இல்லை.

என் கேள்விகள் மூன்று. இதைக் கார்பபெனமேஸ் உள்ளது என்று எழுதலாமா? இ-சிம் வளையம் மாறாததால் என்.டி.எம். என்ற வகைக் கார்பபெனமேஸ் இல்லை என்று கொள்ளலாமா? கொலிஸ்டின் டிஸ்க் 13 மி.மீ. காட்டுகிறது, வார்டிலிருந்து அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், சென்சிட்டிவ் என்று சொல்லிவிடலாமா?

சென்ற ஆண்டு இதே போன்ற ஒரு கிளெப்சியெல்லாவை நான் மெரோபெனத்துக்கு சென்சிட்டிவ் என்று எழுதிவிட்டேன். அன்று தட்டில் ஊடகம் மெல்லியதாக ஊற்றப்பட்டிருந்ததைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். அதனால் மருந்தை மாற்ற மூன்று நாள் தாமதமானது. அந்த நோயாளி பிழைத்துக்கொண்டார் என்றாலும் அந்த மூன்று நாளை என்னால் மறக்க முடியவில்லை. ஆகவே தயவுசெய்து சற்று விரிவாகச் சொல்லுங்கள்.

முன்னாள்_நுண்ணுயிரியலாளர் எழுதியது:

வணக்கம் அம்மா. உங்கள் மூன்று கேள்விகளுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த மெரோபெனம் டிஸ்க்கை, அதே குப்பியிலிருந்து எடுத்து, தரக் கட்டுப்பாட்டுக்கான ஈ. கோலை ஏ.டி.சி.சி. 25922-இன் மேல் கடைசியாக வைத்துப் பார்த்தது எப்போது? அன்று எத்தனை மி.மீ. வந்தது?

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நாம் ஸ்கேல் வைத்து அளக்கும் வளையம் பாக்டீரியாவின் இயல்பை மட்டும் காட்டுவதாக நினைத்துக்கொள்கிறோம். ஆனால் டிஸ்க்கில் எவ்வளவு மருந்து மிஞ்சியிருக்கிறது, ஊடகம் எவ்வளவு தடிமன், எத்தனை பாக்டீரியாவைப் பரப்பினோம், எத்தனை மணி நேரம் இன்குபேட்டரில் வைத்தோம் என்ற அனைத்தும் கூடித்தான் அந்த எண்ணாக வெளிப்படுகின்றன. ஊடகம் மெல்லியதானால் வளையம் விரியும் என்பதைச் சென்ற ஆண்டு நீங்களே அனுபவித்துவிட்டீர்கள், 90 மி.மீ. தட்டில் 4 மி.மீ. உயரம் வர ஏறக்குறைய 25 மில்லி ஊற்ற வேண்டும். பரப்பும் கரைசல் 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற திட்டக் கலங்கலைவிட நீர்த்துப்போனாலும் வளையம் விரியும். டிஸ்க்கின் வீரியம் குறைந்தால் இதற்கு நேர்மாறாக வளையம் சுருங்கும்.

கார்பபெனம் டிஸ்க்குகள் ஈரத்தையும் வெப்பத்தையும் தாங்காதவை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறந்தால் உள்ளே பனித்துளி படிந்து மருந்து சிதையத் தொடங்கும். ஒரு மணி நேரமாவது அறையின் வெப்பநிலைக்கு வரவிட்ட பிறகே திறக்க வேண்டும். மின்வெட்டும், ஊடகமும் ரீஏஜென்ட்டும் வைத்து எடுக்க நாள்முழுதும் திறந்து மூடப்படும் குளிர்பெட்டியும் நம் ஊர் ஆய்வகங்களில் வழக்கமானவை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி உங்கள் எம்-சிம்முக்கு வருகிறேன். அதன் தத்துவம் எளிமையானது. சந்தேகத்துக்குரிய பாக்டீரியாவை 2 மில்லி டிரிப்டிக் சோயா பிராத் என்ற திரவ ஊடகத்தில் கலந்து, 10 மைக்ரோகிராம் மெரோபெனம் டிஸ்க் ஒன்றை அதில் நான்கு மணி நேரம் ஊறவைக்கிறோம். பாக்டீரியாவிடம் கார்பபெனமேஸ் நொதி இருந்தால் அது டிஸ்க்கிலுள்ள மருந்தை உடைத்துவிடும். பிறகு அந்த டிஸ்க்கை எடுத்து, மெரோபெனத்துக்கு எளிதில் மடியும் 25922-ஐப் பரப்பிய தட்டில் வைக்கிறோம். மருந்து அழிந்திருந்தால் ஈ. கோலை டிஸ்க்கின் விளிம்பு வரை வளரும்; அழியாமல் இருந்தால் அகன்ற வளையம் விழும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். டிஸ்க்கே ஏற்கெனவே வீரியம் குன்றியிருந்தால், நொதி இல்லாத பாக்டீரியாவிலும் வளையம் குறுகலாகத்தான் விழும். உங்கள் கே.பி.சி. கன்ட்ரோல் இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனெனில் அது முழு வீரியமுள்ள டிஸ்க்கையும் அழித்துவிடும், அரை வீரியமுள்ள டிஸ்க்கையும் அழித்துவிடும். இரண்டிலும் 6 மி.மீ.தான். காட்டிக்கொடுக்கக்கூடியது நீங்கள் வைக்காமல் விட்ட நெகட்டிவ் கன்ட்ரோல், அதாவது பி.ஏ.ஏ.-1706. அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது வரும்வரை, விதிமுறையில் இல்லாவிட்டாலும், பாக்டீரியா கலக்காத பிராத்தில் அதே நான்கு மணி நேரம் ஊறிய டிஸ்க் ஒன்றை அதே தட்டின் ஓரத்தில் வைத்துப் பார்ப்பது என் பழக்கமாக இருந்தது.

எதிர்த்திசையில் இழுக்கும் பிழைகளும் உண்டு. ஒரு மைக்ரோலிட்டர் லூப் நிறைய காலனியை அள்ள வேண்டும். பயந்து பயந்து நுனியால் தொட்டு எடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை குறைந்தால் நொதியும் குறையும்; பலவீனமான நொதியாக இருந்தால் நான்கு மணி நேரத்தில் மருந்தை உடைத்து முடிக்காது. குழாயை பத்துப் பதினைந்து விநாடி வோர்டெக்ஸ் செய்து கட்டியில்லாமல் கலக்க வேண்டும். நான்கு மணி நேரம் என்பது கால் மணி முன்பின் இருக்கலாம்; மூன்றரை மணிக்கே எடுப்பது கூடாது. டிஸ்க்கை வெளியே எடுக்கும்போது 10 மைக்ரோலிட்டர் லூப்பால் குழாயின் உட்சுவரில் அழுத்தி நீரை வடித்துவிட்டுத்தான் தட்டில் வைக்க வேண்டும்.

எம்-சிம் இடைநிலையில் நிற்கும்போது இ-சிம்முக்குப் பொருளே கிடையாது. எம்-சிம் பாசிட்டிவ் ஆனால் மட்டுமே இ-சிம்மைப் படிக்க வேண்டும். ஆகவே அந்த இரண்டாவது 17-ஐ இப்போதைக்கு நோட்டிலிருந்து அடித்துவிடுங்கள்.

என் பணிக்காலத்தின் பெரும்பகுதியில் இதற்கெல்லாம் ஹாட்ஜ் பரிசோதனையைத்தான் நம்பியிருந்தோம். தட்டில் மூவிலை போல வளைந்து வரும் அந்த வளர்ச்சியைப் பார்த்து மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நாட்கள் நினைவில் இருக்கின்றன. ஆனால் என்.டி.எம். பாக்டீரியாக்கள் பலவற்றை அது தவறவிட்டது. கார்பபெனமேஸே இல்லாத சிலவற்றைப் பாசிட்டிவ் என்று காட்டியது. 2018-இல் சி.எல்.எஸ்.ஐ. அதைக் கைவிட்டபோது, அதற்கு முன் நான் நெகட்டிவ் என்று எழுதிய அறிக்கைகள் எத்தனையோ என்று மனம் கனத்தது. அதனால்தான் கன்ட்ரோல் விஷயத்தில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன்.

டெல்டா_ஆய்வகம் எழுதியது:

மிக்க நன்றி அம்மா. உங்கள் கேள்வியைப் படித்ததும் நோட்டைப் பார்த்தேன். 25922-ஐக் கடைசியாகப் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. வாரம் ஒருமுறை என்ற எங்கள் விதியை நாங்களே மீறியிருக்கிறோம். நேற்றே அதே குப்பியின் மெரோபெனத்தையும், திறக்காத புதுக் குப்பியின் மெரோபெனத்தையும் ஒரே தட்டில் வைத்தேன். பழையது 25 மி.மீ., புதியது 31 மி.மீ. குறைந்தபட்சம் 28 வந்திருக்க வேண்டும். பழைய குப்பியைத் தனியே ஒதுக்கிவிட்டேன். எர்டாபெனம் வேறு குப்பி; அதன் கன்ட்ரோல் எல்லைக்குள்தான் இருக்கிறது. இன்று புது டிஸ்க்குகளோடு அனைத்தையும் மறுபடி செய்கிறேன்.

மூலக்கூறு_மேசை எழுதியது:

மறுபடி செய்வதற்குள் எர்டாபெனத்தின் அந்த 17 மி.மீ. என்ன சொல்கிறது என்பதைப் பேசிக்கொள்ளலாம். அம்மா சொன்னபடி மெரோபெனம் டிஸ்க்கின் பிழையால் குழப்பம் வந்திருந்தாலும், கன்ட்ரோல் சரியாக உள்ள எர்டாபெனம் ரெசிஸ்டன்ட்டாக வந்திருப்பதைக் கழித்துவிட முடியாது.

எர்டாபெனம் ரெசிஸ்டன்ட், மெரோபெனம் சென்சிட்டிவ் அல்லது அதன் விளிம்பு என்ற சேர்க்கைக்கு நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, செஃபலோஸ்போரின்களை உடைக்கும் ஈ.எஸ்.பி.எல். நொதியோடு, மருந்து உள்ளே நுழையும் போரின் துளைகளையும் அந்த பாக்டீரியா இழந்திருப்பது. அப்போது கார்பபெனமேஸ் எதுவும் இருக்காது. மற்ற கார்பபெனங்களைவிட எர்டாபெனமே முதலில் தோற்கும். மற்றொன்று, ஆக்ஸா-48 குடும்பத்து கார்பபெனமேஸ். 2001-இல் இஸ்தான்புல்லில் கிடைத்த ஒரு கிளெப்சியெல்லாவில் முதலில் காணப்பட்ட அந்த நொதியின் உறவுகளான ஆக்ஸா-181, ஆக்ஸா-232 ஆகிய இரண்டும் இந்தியாவோடு நெருங்கிய தொடர்புடையவை. இவை கார்பபெனங்களை மெதுவாகத்தான் உடைக்கின்றன. தானியங்கிக் கருவி எம்.ஐ.சி. 1 என்று காட்டி சென்சிட்டிவ் என அச்சிட்டுக் கொடுப்பதற்கு இவை பேர்போனவை. கருவி பொய் சொல்லவில்லை. அந்த எண் உண்மையாகவே எல்லைக்குள் இருக்கலாம். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் நொதி இருக்கிறதா என்று கருவி பார்க்கவில்லை.

என்.டி.எம். பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்கு அம்மா ஒரு பாதி பதில் சொன்னார்கள். மறுபாதியை நான் சொல்கிறேன். என்.டி.எம். செயல்படத் துத்தநாகம் வேண்டும். இ.டி.டி.ஏ. அந்தத் துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்வதால் நொதி முடங்கி, மெரோபெனம் தப்பித்து, வளையம் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் விரிகிறது. கே.பி.சி.யும் ஆக்ஸா-48-உம் துத்தநாகத்தை நம்பியிராத செரின் வகை என்பதால் வளையம் மாறாது. இதுவரை நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒரே பாக்டீரியாவில் என்.டி.எம்., ஆக்ஸா-48 குடும்ப நொதி இரண்டும் சேர்ந்திருப்பது இந்தியக் கிளெப்சியெல்லாவில் அரிதல்ல. அப்போது இ.டி.டி.ஏ. என்.டி.எம்.மை முடக்கினாலும் மற்றது மெரோபெனத்தைத் தொடர்ந்து உடைத்துக்கொண்டிருக்கும், வளையம் விரியாது, நாம் என்.டி.எம். இல்லை என்று ஏமாந்துபோவோம். ஆகவே இ-சிம் விரிந்தால் என்.டி.எம். போன்ற நொதி உண்டு என்று துணிந்து சொல்லலாம். விரியாவிட்டால் இல்லை என்று சொல்வதற்கு அது மட்டும் போதாது.

இதற்கு விடை தருவது பி.சி.ஆர்., அல்லது கர்ப்பப் பரிசோதனைப் பட்டை போலவே கோடு விழும் லேட்டரல் ஃப்ளோ கிட். கே.பி.சி., என்.டி.எம்., விம், இம்ப், ஆக்ஸா-48 என்ற ஐந்து குடும்பங்களையும் காலனியிலிருந்தே கால் மணி நேரத்தில் தனித்தனிக் கோடுகளாகக் காட்டும் கிட்டுகள் உள்ளன. விலை சிறிய ஆய்வகங்களுக்குக் கட்டுப்படியாகாததுதான். எல்லாக் கல்ச்சருக்கும் வேண்டாம். இரத்தக் கல்ச்சரில் எர்டாபெனம் ரெசிஸ்டன்ட் ஆனவற்றுக்கு மட்டும் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையோடு பேசி ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பினால் ரெட் நிறம் மாறுவதைப் பார்க்கும் கார்பா என்.பி. பரிசோதனையும் நல்லதே, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் உங்கள் சந்தேகம் ஆக்ஸா-48 என்பதால் இங்கே அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் குடும்பத்தைத்தான் அது அதிகம் தவறவிடுகிறது.

என்.டி.எம். என்ற பெயர் 2009-இல் வெளியான ஒரு கட்டுரையில் வந்தது. புதுதில்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் கிடைத்த கிளெப்சியெல்லாவைப் பற்றியது அந்தக் கட்டுரை. அடுத்த ஆண்டே வந்த பெரிய ஆய்வில் ஹரியானாவோடு சென்னையில் சேகரித்த மாதிரிகளும் இடம்பெற்றன. அப்போது நாட்டின் பெயரைக் கெடுக்கிறார்கள் என்ற சச்சரவுதான் பத்திரிகைகளை நிறைத்தது. அந்த ஆற்றலில் ஒரு பங்கையாவது மாவட்ட ஆய்வகங்களின் கன்ட்ரோல் பாக்டீரியாவுக்கும் நல்ல குளிர்பெட்டிக்கும் செலவிட்டிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ஐ.சி.யு._மருத்துவர் எழுதியது:

படுக்கையருகே நிற்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். எந்தக் கார்பபெனமேஸ் என்பது ஆராய்ச்சிக்கான விவரம் என்று சிலர் நினைக்கிறார்கள். எங்களுக்கு அது எந்த மருந்தை ஏற்றுவது என்ற கேள்விக்கே விடை. ஆக்ஸா-48 என்றால் செஃப்டாஸிடிம்-அவிபாக்டம் வேலை செய்யும், ஏனெனில் அவிபாக்டம் அந்த நொதியை அடக்கும். என்.டி.எம்.மை அவிபாக்டம் அடக்காது. அங்கே அஸ்ட்ரியோனாமைச் சேர்க்க வேண்டியிருக்கிறது, என்.டி.எம். அஸ்ட்ரியோனாமை உடைப்பதில்லை, கூடவே இருக்கும் ஈ.எஸ்.பி.எல். உடைக்கும், அந்த ஈ.எஸ்.பி.எல்.லிடமிருந்து அவிபாக்டம் அதைக் காப்பாற்றும். நொதி எதுவும் இல்லாமல் போரின் இழப்பு மட்டும் என்று உறுதியானால், மெரோபெனத்தையே உயர்ந்த அளவில் மூன்று மணி நேரம் மெதுவாக ஏற்றி சிகிச்சை அளிப்பதை யோசிக்கலாம். அதே எர்டாபெனம் 17 மி.மீ.க்கு மூன்று வெவ்வேறு சிகிச்சைகள். இவற்றின் விலையில் உள்ள வேறுபாட்டைக் குடும்பத்தாரிடம் எடுத்துச் சொல்வதும் எங்கள் வேலைதான்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். அச்சிட்ட அறிக்கை தயாராகும்வரை காத்திருக்காதீர்கள். எர்டாபெனம் ரெசிஸ்டன்ட் என்று தெரிந்த காலையிலேயே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். கார்பபெனமேஸ் சந்தேகம், பரிசோதனை நடக்கிறது என்ற ஒரு வாக்கியம் போதும். நான் நோயாளியைத் தனிமைப்படுத்துவேன், மருந்தைப் பற்றி மறுபடி யோசிப்பேன். மேலும், கார்பபெனமேஸ் உறுதியான பிறகும் மெரோபெனம் சென்சிட்டிவ் என்ற வரி அறிக்கையில் தனியாக நிற்க நேர்ந்தால், அதன் கீழே ஒரு குறிப்பாவது எழுதுங்கள். இரவுப்பணியில் இருக்கும் இளம் மருத்துவர் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்து மருந்தைத் தொடர்ந்துவிடுவார்.

வாய்ப்பு அமையும்போது, பாசிட்டிவ் ஆன இரத்தக் கல்ச்சர் பாட்டிலிலிருந்து நேரடியாகத் தட்டில் பரப்பி 4, 6, 8 மணி நேரங்களில் படிக்கும், ஐரோப்பிய அமைப்பான யூகாஸ்டின் துரித முறையையும் உங்கள் நுண்ணுயிரியல் மருத்துவரோடு பேசிப் பாருங்கள். அதற்கென்று தனி அளவு எல்லைகள் உண்டு. வழக்கமான அட்டவணையை அதற்குப் பயன்படுத்தக் கூடாது. எங்கள் பிரிவில் ஒரு நாள் முன்னதாகவே முடிவெடுக்க அது உதவுகிறது.

தட்டும்_குழாயும் எழுதியது:

கொலிஸ்டின் கேள்விக்கு யாரும் வரவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். அந்த 13 மி.மீ.யை எந்தக் காரணம் கொண்டும் அறிக்கையில் எழுதாதீர்கள். கொலிஸ்டின் பெரிய மூலக்கூறு. அகாருக்குள் சரியாகப் பரவுவதில்லை. அதனால் எதிர்ப்புத்திறன் உள்ள பாக்டீரியாவுக்கும் இல்லாததற்கும் வளையத்தில் நம்பத்தக்க வேறுபாடு வராது. அகாரில் வைக்கும் கிரேடியன்ட் பட்டைக்கும் இதே குறைதான். ஒப்புக்கொள்ளப்பட்ட முறை பிராத் மைக்ரோடைல்யூஷன், அதாவது திரவ ஊடகத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்க்கவைத்துப் பார்ப்பது.

அதற்கு வசதியில்லாத எங்களைப் போன்ற ஆய்வகங்களுக்கு சி.எல்.எஸ்.ஐ. ஒரு வழி வைத்திருக்கிறது. கணக்கு மிக எளிது. 10 மில்லி கேட்டயான் சரிசெய்த முல்லர்-ஹின்டன் பிராத் கொண்ட நான்கு கண்ணாடிக் குழாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் டிஸ்க் எதுவும் வேண்டாம்; அடுத்தவற்றில் முறையே ஒன்று, இரண்டு, நான்கு கொலிஸ்டின் டிஸ்க்குகளைப் போடுங்கள். ஒரு டிஸ்க்கில் 10 மைக்ரோகிராம் இருப்பதால், கரைந்து வந்த பிறகு மில்லிலிட்டருக்கு 0, 1, 2, 4 மைக்ரோகிராம் என்று தானாகவே அமைந்துவிடும். அரை மணி நேரமாவது அறை வெப்பநிலையில் கரையவிட்டு, 0.5 மெக்ஃபார்லண்ட் கரைசலில் 50 மைக்ரோலிட்டரை ஒவ்வொன்றிலும் சேர்த்து, மறுநாள் எந்தக் குழாய் தெளிவாக இருக்கிறது என்று பாருங்கள். கண்ணாடிக் குழாய் என்று சொன்னதைக் கவனியுங்கள். கொலிஸ்டின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் மருந்து. கிளெப்சியெல்லாவுக்கு இம்முறை பொருந்தும்; அசினெட்டோபாக்டருக்குப் பயன்படுத்தாதீர்கள்.

முடிவு 2 அல்லது அதற்குக் கீழே வந்தாலும் சென்சிட்டிவ் என்ற சொல்லை எழுத முடியாது. 2020 முதல் சி.எல்.எஸ்.ஐ. அட்டவணையில் கொலிஸ்டினுக்கு அந்தப் பிரிவே இல்லை. 2 வரை இடைநிலை, 4-உம் அதற்கு மேலும் ரெசிஸ்டன்ட். பாக்டீரியா மடிந்தாலும் உடலில் அந்த மருந்து எட்டும் அளவு போதாது என்பதாலும், சிறுநீரகத்துக்கு அது செய்யும் கேட்டாலும் வந்த முடிவு அது. கொலிஸ்டின் எதிர்ப்பைத் தரும் எம்.சி.ஆர். மரபணுவுக்கான பி.சி.ஆர். நெகட்டிவ் என்று யாராவது அறிக்கை கொடுத்தால் அதை வைத்து நிம்மதி அடையவும் வேண்டாம். கிளெப்சியெல்லா தன் சொந்தக் குரோமோசோமில் எம்.ஜி.ஆர்.பி. மரபணு பழுதானாலே கொலிஸ்டினைத் தாங்கிக்கொள்ளும்.

தொற்றுத்தடுப்பு_செவிலியர் எழுதியது:

ஆய்வக நுணுக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் கார்பபெனமேஸ் என்ற சொல் தொலைபேசியில் வந்த அன்றே நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். அந்த நோயாளிக்குத் தனி பி.பி. கருவி, தனி ஸ்டெதஸ்கோப், தனி படுக்கைக் கலன். உள்ளே போகும் ஒவ்வொருவருக்கும் கவுனும் கையுறையும். பக்கத்துப் படுக்கைகளில் இருந்தவர்களுக்கு மலக்குடல் ஸ்வாப் எடுத்து அனுப்புவோம், ஏனெனில் இந்தக் கிருமி நோய் எதுவும் காட்டாமல் குடலில் தங்கியிருக்கும். சகோதரி, உங்கள் நோயாளி பத்து நாளாக அங்கே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பக்கத்துப் படுக்கைகளில் இருப்பவர்களுக்கு ஸ்வாப் எடுத்தார்களா?

டெல்டா_ஆய்வகம் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. முடிவுகள் வந்துவிட்டன.

புது டிஸ்க்கில் மெரோபெனம் 24 மி.மீ., அதாவது எண்ணை மட்டும் பார்த்தால் சென்சிட்டிவ். எர்டாபெனம் மறுபடியும் 17. எம்-சிம்மை இம்முறை லூப் நிறைய அள்ளி, வோர்டெக்ஸ் செய்து, சரியாக நான்கு மணி நேரம் வைத்தேன். வளையம் 13 மி.மீ., தெளிவான பாசிட்டிவ். பாக்டீரியா கலக்காத பிராத்தில் ஊறிய டிஸ்க் அதே தட்டில் அகன்ற வளையம் காட்டியதால் டிஸ்க்கின் மேல் சந்தேகம் இல்லை. இ-சிம் 14 மி.மீ.; ஒரு மி.மீ. வேறுபாடு கணக்கில் வராது. முதல் முறை நான் காலனியைக் குறைவாகத்தான் எடுத்திருக்கிறேன் என்று இப்போது புரிகிறது. வீரியம் குன்றிய டிஸ்க் வளையத்தைச் சுருக்க, குறைந்த பாக்டீரியா அதை விரிக்க, இரண்டு பிழைகளும் சேர்ந்து 17-இல் வந்து நின்றிருக்கின்றன. ஒரு பிழையை மட்டும் திருத்தியிருந்தால், புது டிஸ்க்கோடு அதே நுனித்தொடலில் செய்திருந்தால், ஒருவேளை 19-ஐத் தாண்டி நெகட்டிவ் என்று எழுதியிருப்பேன்.

மருத்துவக் கல்லூரியில் லேட்டரல் ஃப்ளோ கிட்டில் போட்டுப் பார்த்தார்கள். ஆக்ஸா-48 கோடு மட்டும் விழுந்தது, என்.டி.எம். கோடு இல்லை. தொலைபேசியில் உடனே சொல்லிவிட்டேன், மருந்தை மாற்றியிருக்கிறார்கள். எங்கள் நுண்ணுயிரியல் மருத்துவரிடம் பேசி, ஆக்ஸா-48 வகைக் கார்பபெனமேஸ் உள்ளது, மெரோபெனத்தின் ஆய்வக அளவு சென்சிட்டிவ் எல்லைக்குள் இருந்தாலும் சிகிச்சைக்கு அதை நம்ப வேண்டாம் என்ற குறிப்பை மெரோபெனம் வரிக்கு நேர் கீழேயே அச்சிட ஏற்பாடு செய்துள்ளோம். கொலிஸ்டின் குழாய்களில் 2 மைக்ரோகிராம் குழாய் தெளிவாக இருந்தது. 1 மைக்ரோகிராம் குழாயில் கலங்கல். இடைநிலை என்று எழுதியிருக்கிறேன், 13 மி.மீ. என்ற எண் அறிக்கையில் இல்லை.

செவிலியர் சகோதரி கேட்ட பிறகுதான் வார்டில் விசாரித்தேன். ஸ்வாப் எடுக்கவில்லை. இன்று மாலை அவருக்கு இருபுறமும் உள்ள இரண்டு படுக்கைகளிலிருந்தும், மூன்று நாளைக்கு முன் பொது வார்டுக்கு மாற்றப்பட்ட ஒருவரிடமிருந்தும் ஸ்வாப்கள் வந்திருக்கின்றன, இன்குபேட்டரில் வைத்திருக்கிறேன். நாளைக் காலை வளர்ச்சி இருந்தால் 25922-ஐ முதலில் போட்டுவிட்டுத்தான் மற்றவற்றைத் தொடுவேன்.